மலையில் பாடும் பெண்களுக்கு முதல் மைக்: சூர் எஸ்.எம்.58 ஒரு மதிப்பீடு

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருந்துகொண்டு பாட்டையோ குரலையோ தொழிலாக எடுக்க நினைக்கும் பெண்கள் முதலில் கேட்பது, எந்த மைக் வாங்குவது என்றுதான். யூடியூபில் தேடினால் பெரும்பாலும் கண்டென்சர் (மின்னேற்றிய மெல்லிய சவ்வு உள்ள) மைக்கையே கைகாட்டுவார்கள். சென்னையில் ஒரு நல்ல அறை இருப்பவருக்கு அது சரியான யோசனை. தகரக் கூரையும் மூடுபனியும் உள்ள நீலகிரி வீட்டுக்கு அது ஒத்துவராது. 1966 முதல் விற்பனையில் இருக்கும் சூர் எஸ்.எம்.58 என்ற டைனமிக் (கம்பிச்சுருளும் காந்தமும் உள்ள) மைக்கைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். விலை பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின் இருக்கும். பாடகி, மேடைத் தொகுப்பாளினி, டப்பிங் வாய்ப்பு தேடுபவர் என மூவருக்கும் இது உதவும். குறைகளும் உண்டு. அதில் ஒன்று பெரிய குறை, அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

ஏன் ஒரே மைக் மூவருக்கும்? இந்தத் தொழிலில் பெண்கள் ஒரே வாசல் வழியாக உள்ளே போவதில்லை. எல்.ஆர்.ஈஸ்வரி கோரஸ் பாடிக்கொண்டிருந்து, 1961இல் பாசமலர் படத்துப் பாட்டால்தான் தனிக்குரலாக வெளியே தெரிந்தார். சின்மயி 2002இல் பாடகியாக அறிமுகமாகி, சில ஆண்டுகளில் டப்பிங்கிலும் கால் ஊன்றினார். சீரியல்களில் முகம் காட்டிய தீபா வெங்கட்டின் குரலைப் பல கதாநாயகிகளின் வாயசைப்பில் கேட்கிறோம். கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவி டிவி நடனப் போட்டிகளில் ஆடி, 2015இல் மலையாளத்தில் நாயகியாகி, 2017இல் தன் முதல் தெலுங்குப் படத்துக்கே சொந்தக் குரல் கொடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடியில் நஞ்சியம்மா, தன் இருளர் மக்களின் பாட்டைப் பாடியே 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். மேடை, டிவி, கோரஸ், டிராக் (மாதிரிக்குப் பாடிக் கொடுப்பது), டப்பிங் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டியிருக்கும்போது, முதல் சேமிப்பைப் போட்டு வாங்கும் பொருள் மேடையிலும் வேலை செய்யணும், வீட்டிலும் வேலை செய்யணும். கணினியில் சொருகும் யூ.எஸ்.பி. மைக்கை ஊட்டி மாரியம்மன் கோயில் மேடைக்குக் கொண்டுபோக முடியாது. எஸ்.எம்.58ஐ எந்த மைக் செட்டிலும் சொருகலாம்.

அடுத்தது ஈரம். கண்டென்சர் மைக்கின் உள்ளே மெல்லிய சவ்வும் அதன் பின்தகடும் மின்னேற்றத்தோடு, மயிரிழை இடைவெளியில் நிற்கின்றன. அந்த இடத்தில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசியும். காதுக்கு அது எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி கேட்கும். சத்தம் குறைந்துபோவதும், திடீரென்று 'புஸ்' என்று இரைவதும் இதனால்தான். அறை காய்ந்தால் பல நேரம் தானாகச் சரியாகிவிடும், ஆனால் பதிவு நடக்கிற நாளில் காயாது. டைனமிக் மைக்கில் இருப்பது ஒரு கம்பிச்சுருளும் காந்தமும் மட்டுமே. ஈரம் அதைச் சுலபத்தில் பாதிக்காது, மின்சாரமும் கேட்காது. கண்டென்சர்தான் வேண்டும் என்பவர்கள் இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைக்க வேண்டும். நிறம் மாறியதும் ஜெல்லைச் சிறுதீயில் வாணலியில் காயவைத்து மறுபடி போட வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலை அடிக்கடி வரும்.

நீலகிரி முழுக்க ஒரே மழை இல்லை என்பதும் கணக்கில் இருக்கட்டும். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர், நவம்பரில்தான் நன்றாக நனையும். தகரக் கூரை வீட்டில் மழை நேரத்துப் பதிவை எந்த மைக்கும் காப்பாற்றாது. எஸ்.எம்.58 பின்பக்கச் சத்தத்தைக் குறைத்து வாங்குவதால் தூறலைச் சமாளிக்கலாம், அடைமழையை முடியாது. டெமோ அனுப்ப வேண்டியதை உங்கள் ஊர் மழைக்கு முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்கு வருவோம், இந்த மைக் பிறந்ததே அங்கேதான். மே மாதக் கோடை விழா, சிம்ஸ் பூங்கா பழக்காட்சி, கோத்தகிரி நேரு பூங்கா காய்கறிக் காட்சி, கல்யாணம், தேவாலயத் திருநாள், ஓட்டல் கச்சேரி எல்லாவற்றிலும் மைக் செட்காரர் கையில் கொடுப்பது பெரும்பாலும் மலிவான கார்ட்லெஸ். பேட்டரி பாதிக் கச்சேரியில் இறங்கும், ஆண் தொகுப்பாளருக்கு வைத்த பேஸ் அப்படியே இருக்கும். சொந்த எஸ்.எம்.58உடன் 5 அல்லது 6 மீட்டர் எக்ஸ்.எல்.ஆர். (மேடை மைக்குக்கான மூன்று பின்) கேபிளும் கொண்டுபோனால் இந்தத் தொல்லை பாதி குறையும். மிச்சப் பாதி, ஆபரேட்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது. "அண்ணா, என் மைக்குக்குத் தனிச் சேனல் குடுங்க. லோ கட் 100ல போடுங்க. எக்கோவைப் பாதியாக் குறைங்க, மானிட்டர்ல என் குரல் மட்டும் கொஞ்சம் ஏத்துங்க." லோ கட் 100 என்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டுவது, மானிட்டர் என்பது பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டி. இந்த நான்கும் போதும். 'நல்லா வைங்க' என்று பொதுவாகச் சொன்னால் எக்கோவைத்தான் கூட்டுவார்கள்.

இது கார்டியாய்ட் மைக். முன்னால் வருவதை முழுக்க வாங்கும், வாலுக்கு (கேபிள் சொருகும் முனைக்கு) நேர் பின்னால் வருவதை மிகக் குறைவாக வாங்கும். அதனால் மானிட்டர் பெட்டி உங்களுக்கு நேர் எதிரே, மைக்கின் வால் அதைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் ஹவுலிங் (ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் திரும்ப ஏறி எழும் ஊளை) சீக்கிரம் வரும். மைக்கைத் தரைக்குக் கிடையாகப் பிடித்துப் பாடும் பழக்கமிருந்தால் வால் மானிட்டரை விட்டு விலகிவிடும், கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கணும். இதைவிடக் கேடு, உருண்டைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது. பின்சத்தத்தை வெட்டுவது தலைக்குள்ளே, ஒலிப்பகுதியின் பக்கவாட்டில் இருக்கும் துளைகள். அவற்றை மூடினால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் சத்தம் வாங்கும். குரல் மூக்கடைத்த மாதிரி ஆகும், ஹவுலிங்கும் வரும். பார்வைக்கு ஸ்டைலாக இருக்கிறது என்று டிவி போட்டிகளைப் பார்த்துப் பலர் இப்படிப் பிடிக்கிறார்கள். 

தூரமும் முக்கியம். உதட்டிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டரில் பாடினால் அடிக்குரல் தடிக்கும். தாழ்ந்த சுருதியில் மெலிந்துபோகும் குரலுக்கு இது வரம். ஏற்கனவே கனமான ஆல்ட்டோ குரல் என்றால் 8 சென்டிமீட்டருக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் வார்த்தை மங்கும். மேல்ஸ்தாயிப் பிடிகளில் 15 சென்டிமீட்டர் வரை விலக்க வேண்டும். விலக்கும்போது நேராகப் பின்னுக்கு இழுங்கள். பக்கமாகத் திருப்பினால் குரலின் நிறமே மாறும். 4 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை இந்த மைக் தூக்கிக் கொடுக்கும். கூட்டத்தில் வார்த்தை தெளிவாகக் கேட்பது அதனால்தான், ஆனால் ச, ஸ எழுத்துகள் கூர்மையாகக் கிளம்புவதும் அதனால்தான். மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் கன்னத்தின் ஓரமாக 30 டிகிரி சாய்த்தால் கூர்மை அடங்கும். 'ப', 'பா' வெடிப்பும் அப்படியே குறையும்.

குளிர் நாளில் இன்னொன்று. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் வண்டியில் குளிர்ந்து கிடந்த மைக்கைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுபோனதும் கம்பித்தலை வேர்க்கும். உறையிலேயே வைத்து அரை மணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள். தொண்டைக்கும் அந்த அரை மணி நேரம் வேண்டும்.

இனி பெரிய குறை. வீட்டில் பதிவு செய்யப் போனால் எஸ்.எம்.58இன் சத்தம் மிகக் குறைவு. ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு இது தருவது 1.88 மில்லிவோல்ட். வீட்டுப் பதிவுக்குப் பிரபலமான ஆடியோ டெக்னிகா ஏ.டி.2020 கண்டென்சர் தருவது 14.1, அதாவது ஏழு மடங்குக்கும் மேல். அந்தப் பள்ளத்தை நிரப்ப இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) 50 முதல் 60 டெசிபல் கெயின் (சத்தத்தைப் பெருக்கும் அளவு) தேவைப்படும். மலிவான இன்டர்ஃபேஸில் கெயின் குமிழைக் கடைசிவரை திருகினால் பின்னணியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஏறும். டப்பிங் டெமோவில் மெல்லிய வசனத்துக்கு நடுவே அது பளிச்சென்று தெரியும். ஆகவே இந்த மைக்கை வாங்கும்போது இன்டர்ஃபேஸையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை 56 டெசிபல் தரும், உரக்கப் பாடுபவருக்குப் போதும். நான்காம் தலைமுறை 69 டெசிபல் தரும், முணுமுணுப்பு வசனத்துக்கும் தாங்கும். பழைய இன்டர்ஃபேஸ் ஏற்கனவே இருந்தால் கிளவுட்லிஃப்டர் சி.எல்.1 போன்ற பூஸ்டரை நடுவில் சொருகலாம், சுமார் 25 டெசிபல் கூடும். பூஸ்டருக்கு மட்டும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (இன்டர்ஃபேஸ் கேபிள் வழியாகவே அனுப்பும் மின்சாரம்) போட வேண்டும். அது மைக்குக்குப் போகாது.

செல்போனில் நேரடியாகச் சொருக எக்ஸ்.எல்.ஆர்.-3.5 மில்லிமீட்டர் கேபிள் வாங்கும் பழக்கம் உண்டு. வேண்டாம். போனின் மைக் உள்ளீடு ஹெட்செட்டின் சின்னக் கண்டென்சருக்காக அமைந்தது. இவ்வளவு சன்னமான சமிக்ஞையை அது தூக்காது, பாலன்ஸ்டு இணைப்பும் (வழியில் சேரும் இரைச்சலை நீக்கும் இரட்டை வயர் முறை) அங்கேயே முறியும். மிஞ்சுவது கிசுகிசுப்பும் கரகரப்பும்தான்.

அறை தயார் செய்யப் பெரிய செலவில்லை. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். மைக் முன்பக்கத்திலிருந்துதான் வாங்குகிறது, அதாவது உங்கள் வாய், அதன் பின்னால் உங்கள் தலை, அதற்கும் பின்னால் இருக்கும் சுவர். அந்தச் சுவர்தான் எதிரொலிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கொடியில் கம்பளி இரண்டு மடிப்பாகத் தொங்கட்டும். பலகைத் தளமுள்ள பழைய பங்களா வீடுகளில் நடந்தால் ஸ்டாண்ட் வழியாக 'தம்தம்' ஏறும், ஸ்டாண்டின் காலுக்கடியில் தடித்த மிதியடி போடுங்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் வேறு பிரச்சினை. எர்த் சரியில்லாத வயரிங்கில் லேப்டாப் சார்ஜர் வழியாக 'ம்ம்' என்ற ஹம் வரும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்தால் பெரும்பாலும் போய்விடும். இன்டர்ஃபேஸ் யூ.எஸ்.பி.யிலேயே ஓடுவதால் கரன்ட் போனாலும் வேலை நிற்காது. ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோவில் வையுங்கள். சத்த அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும், சிவப்பைத் தொட்டால் திருப்பி எடுப்பது தவிர வழியில்லை. இப்படி எடுத்த வேவ் கோப்பு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் ஆகும். இரண்டு நிமிட டெமோ சுமார் 17.3 மெகாபைட்தான், சிக்னல் மெலிந்த இடத்திலும் ஏற்றிவிடலாம். வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் குரலின் மேல்பகுதி நசுங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். பாட்டு டெமோ என்றால் கரோக்கி இல்லாமல், தம்புரா சுருதி மட்டும் வைத்து ஒரு சரணம் முதலில் வரட்டும். கேட்பவர் முதல் 15 விநாடியில் சுருதியைத்தான் பார்க்கிறார். டப்பிங் என்றால் 60 முதல் 90 விநாடி: சாதாரணப் பேச்சு, கோபம், அழுகை, அதோடு ஒரு கொங்குப் பேச்சு. படுக மொழி தெரிந்தவர் அதிலும் ஒரு சிறு பகுதி சேர்க்கலாம். யாரையும் போல மிமிக்ரி செய்த துண்டை முதலில் வைக்காதீர்கள்.

வீட்டில் இந்த ஏற்பாடு இருப்பதன் பெரிய பலன் இரைச்சல் இல்லாத கோப்பு மட்டும் இல்லை. முதல் சுற்றுக் குரல் தேர்வுக்காக ஒரு பெண் தனியாக பஸ் ஏறி, தெரியாத ஊரில் தெரியாத அறைக்குள் போக வேண்டிய அவசியம் குறைகிறது. 'முதலில் ஃபைல் அனுப்புகிறேன், பிடித்திருந்தால் எந்த ஸ்டுடியோ, எத்தனை மணி, கூட யார் இருப்பார்கள் என்று சொல்லுங்கள், வருகிறேன்' என்று சொல்லும் இடத்தில் அவர் நிற்கிறார். வாய்ப்புக்கு முன்பணம் கேட்பவரையும், ஃபைல் வேண்டாம் நேரில் மட்டும் வா என்பவரையும் அங்கேயே வடிகட்டிவிடலாம். எங்கள் கணக்கில் பத்தாயிரம் ரூபாய்க்கு இதுவே பெரிய மதிப்பு.

எதற்கு இது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஸ்.எம்.58இன் எல்லை 15 கிலோஹெர்ட்ஸ், அதற்கு முன்பே மேல்பகுதி இறங்க ஆரம்பிக்கும். மூச்சோடு கலந்த மென்மையான மெலடியில் அந்தக் காற்றோட்டம் பதிவாகாது. ஈக்வலைஸரில் 10 கிலோஹெர்ட்ஸைத் தூக்கினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். டெமோவுக்கு, கோரஸ் தேர்வுக்கு, டிராக் பாடிக் காட்டுவதற்கு இது தாராளம். பணம் வாங்கி வீட்டிலிருந்தே இறுதிப் பதிவு கொடுக்கும் நிலை வந்ததும் நல்ல கண்டென்சர் சேர்க்க வேண்டும். சென்னை ஸ்டுடியோவுக்குள் போகிறவர்கள் இன்னொன்றைப் பழக வேண்டும். அங்கே எதிரே நிற்பது நியூமன் யு87 மாதிரியான கண்டென்சர் மைக்காக இருக்கும். எஸ்.எம்.58இல் உதடு ஒட்டிப் பாடிப் பழகியவர் அதே பழக்கத்தில் நெருங்கினால் பேஸ் வீங்கும், மூச்சும் உமிழ்நீர்ச் சத்தமும் துல்லியமாகக் கேட்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவில் பாப் ஃபில்டர் (மூச்சு வெடிப்பைத் தடுக்கும் வலை), தலையை ஆட்டாமல் பாடுவது என்று வீட்டிலேயே பழகிவிட்டுப் போங்கள். வாரத்தில் ஒரு நாள் எஸ்.எம்.58ஐயே அந்தத் தூரத்தில் வைத்துப் பாடினால் போதும். பதிவு சன்னமாக வரும், ஆனால் உடம்பு அந்த இடைவெளிக்குப் பழகிவிடும்.

பராமரிப்பு எளிது. கம்பித்தலையை இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். உள்ளே பஞ்சுத் தகடு இருக்கும், லிப்ஸ்டிக்கும் எச்சிலும் அங்கேதான் ஊறும். தலையை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள், மைக் உடம்பில் ஒரு சொட்டும் படக்கூடாது. கோவையில் சில மணி நேரத்தில் காய்வது ஊட்டியில் இரண்டு நாள் எடுக்கும். ஈரத்தோடு மாட்டினால் சத்தம் கம்பளிக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். கச்சேரி அடுக்கடுக்காக இருப்பவர் ஆர்.கே.143ஜி என்ற மாற்றுத் தலை ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. கீழே விழுந்து தலை நசுங்கினாலும் அதே பாகம்தான். உள்ளிருக்கும் ஒலிப்பகுதியே போய்விட்டால் ஆர்59 என்று கேட்டு மாற்றிக்கொள்ளலாம். புது மைக்குக்குப் போக வேண்டியதில்லை.

வாங்கும்போது ஜாக்கிரதை வேண்டும். உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் இதுவும் ஒன்று. மலையில் இதை வைத்திருக்கும் கடை குறைவு, கோவைக்கோ இணையத்துக்கோதான் போக வேண்டும். அதிகாரப்பூர்வ விற்பனையாளரின் பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள், பாதி விலை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சுவிட்ச் உள்ள மாதிரியும் வருகிறது. பாடகிக்கு வேண்டாம், நடுப்பாட்டில் விரல் பட்டு அணைந்துவிடும். தொகுப்பாளினிக்கு மட்டும் அது வசதி. பழைய மைக் வாங்குவதானால் முதலில் மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். கேபிள் இல்லாமல் 298 கிராம் இருக்க வேண்டும். எடை நன்றாகக் குறைந்தால் போலி என்று விட்டுவிடலாம், எடை சரியாக இருப்பது மட்டும் அசலுக்குச் சாட்சி ஆகாது. பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் பேசுங்கள், அப்படியே வால் பக்கம் போய்ப் பேசுங்கள். அசலில் குரல் பளிச்சென்று இறங்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்டால் காசைக் கொடுக்காதீர்கள். கடைசியாக, கேபிள் சொருகும் இடத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். 'கரகர' என்றால் முதலில் வேறு கேபிளில் பாருங்கள். அப்போதும் வந்தால் மைக்கின் பின்களில் கோளாறு.